ஏழு மாதம் கழித்துப் பிரசவ அறையில் என்ன மிஞ்சியது? ஹைடோம் மருத்துவமனைப் பயிற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

செவிலியர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பது என் வேலை. வகுப்பு முடியும் மாலையில் எல்லாரும் நன்றாகச் செய்து காட்டுவார்கள், தேர்விலும் தேறிவிடுவார்கள். சில மாதம் கழித்து அதே பிரசவ அறைக்குப் போய் ஓரமாக நின்று பார்த்தால் பழைய வழக்கமே நடந்துகொண்டிருக்கும். நான் சொல்லிக் கொடுத்தது எங்கே போனது என்று புரியாமல் பல நாள் தவித்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு நான் கண்டதில் நேர்மையான பதிலைத் தந்தது தான்சானியாவின் ஒரு கிராமப்புற மருத்துவமனை. மூச்சு விடாமல் பிறக்கும் குழந்தைகளைக் காப்பாற்றத் தாங்கள் கொடுத்த பயிற்சி பலிக்கவில்லை என்பதை அவர்களே அளந்து, அவர்களே வெளியிட்டு, அதற்கப்புறம் அதைத் திருத்தவும் செய்தார்கள். ஆய்வு இதழ்களில் வெளிவந்த அந்த விவரங்களைப் பயிற்சி கொடுப்பவர்களின் கண்ணோட்டத்தில் இங்கே வரிசைப்படுத்துகிறேன். காரணங்களைப் பற்றிய கருத்துகள் பெரும்பாலும் என்னுடையவை. அப்படி வரும் இடங்களில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

ஹைடோம் லூத்தரன் மருத்துவமனை வடக்குத் தான்சானியாவின் மன்யாரா மாகாணத்தில் இருக்கிறது. 1950களில் நார்வே மிஷனரிகள் தொடங்கியது. அருஷா நகரத்திலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளி, சுற்றிலும் விவசாயமும் கால்நடையும் நம்பி வாழும் மக்கள். நாம் பேசும் காலத்தில் அங்கே ஆண்டுக்கு 5,000க்குச் சற்றுக் குறைவான பிரசவங்கள், அதாவது ஒரு நாளைக்குப் பதின்மூன்று போல. பெரும்பாலான பிரசவங்களைப் பார்ப்பது பிரசவச் செவிலியர்கள்தான். குழந்தை மூச்சு விடாமல் பிறந்தால் முதலில் காற்றை அழுத்தித் தரும் பையையும் முகத்தில் வைக்கும் மாஸ்க்கையும் கையில் எடுக்க வேண்டியவரும் அவரே. டாக்டரைக் கூப்பிட்டு அவர் வந்து சேரும் வரை காத்திருக்க நேரம் கிடையாது.

இந்தக் காத்திருக்க முடியாத நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 10 குழந்தைகளுக்கு முதல் மூச்சை எடுக்க ஏதாவது ஒரு சின்ன உதவி வேண்டியிருக்கும். ஈரம் போகத் துடைப்பதும் முதுகைத் தேய்த்துத் தூண்டுவதுமே பலருக்குப் போதும். 3 முதல் 6 குழந்தைகளுக்குப் பை, மாஸ்க் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடுவது, மார்பை அழுத்துவது போன்றவை ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே தேவைப்படும். ஆக, பெரும்பாலான உயிர்களைக் காப்பாற்றத் தேவைப்படுவது ஒரு துணி, ஒரு பை, ஒரு மாஸ்க், பழகிய இரண்டு கை. கருவிக்குப் பெரிய செலவில்லை. கை பழகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

2009 கடைசியிலிருந்து ஹைடோமில் ஒரு வேலை தொடங்கியது. பயிற்சி பெற்ற ஆய்வு உதவியாளர்கள் இரவும் பகலும் ஷிஃப்ட் போட்டு, பிரசவ அறையில் நின்று, கையில் கடிகாரத்தோடு ஒவ்வொரு பிரசவத்தையும் பதிவு செய்தார்கள். குழந்தை வெளியே வந்தது எப்போது, முதுகைத் தேய்த்தார்களா, வாய், மூக்கிலிருந்து சளியைக் குழாயால் உறிஞ்சும் சக்‌ஷன் போட்டார்களா, பையை எப்போது எடுத்தார்கள், குழந்தை எப்போது மூச்சு விட்டது என்று எல்லாமே நொடிக் கணக்கில் எழுதப்பட்டன. இந்தப் பதிவுகளை வைத்து 2012இல் வெளியான ஆய்வில் உயிரோடு பிறந்த 5,689 குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் 7 சதவீதம் பேருக்கு மாஸ்க் வழியாக மூச்சு கொடுக்கப்பட்டது. அதைத் தொடங்குவதில் தாமதமாகும் ஒவ்வொரு 30 நொடிக்கும், அந்தக் குழந்தை இறக்கும் அல்லது நீண்ட நாள் சிகிச்சையில் இருக்க நேரும் அபாயம் 16 சதவீதம் கூடியது.

பயிற்சி தொடங்கும் முன்பே அந்த அறையில் உண்மையாக என்ன நடக்கிறது என்று எழுதி வைத்திருந்தார்கள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் ஆதாரம் அதுதான். நம்மூர்ப் பயிற்சிகளில் நான் அபூர்வமாகவே பார்த்த ஒன்று அது.

பயிற்சி நாள்

2010 ஏப்ரலில் பிரசவம் பார்க்கும் ஊழியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. பாடத்திட்டம் ‘ஹெல்பிங் பேபீஸ் பிரீத்’, அதாவது குழந்தைகள் மூச்சு விட உதவுதல். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, வசதி குறைந்த இடங்களுக்கென்றே உருவாக்கி அந்த ஆண்டுதான் வெளியிட்டிருந்தது.

இந்தப் பாடத்திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வயது வந்தவர்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் படித்தோமோ, ஏறக்குறைய அப்படியே அமைத்திருக்கிறார்கள். விரிவுரை குறைவு. படங்கள் கொண்ட புரட்டுப் புத்தகம் ஒன்று. சுவரில் மாட்ட ஒரு பெரிய படம். பயிற்சிக்கு வருபவர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து பொம்மையை வைத்துப் பழகுகிறார்கள். நியோநேட்டலி என்ற அந்தப் பொம்மைக்குள் தண்ணீர் நிரப்பினால் கையில் தூக்கும்போது நிஜக் குழந்தையின் கனம் இருக்கும். கூட இருப்பவர் சின்ன ரப்பர்க் குமிழை அழுத்தினால் அது அழும், மூச்சு விடும், தொப்புள்கொடியில் துடிப்பு தெரியும். பாடத்தின் மையத்தில் இருப்பது ‘பொன் நிமிடம்’: பிறந்த ஒரு நிமிடத்துக்குள் குழந்தை தானாக மூச்சு விட வேண்டும், இல்லையென்றால் நாம் பையால் மூச்சு கொடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

ஆகவே, ‘பயிற்சி சரியில்லை, அதனால்தான் மனதில் நிற்கவில்லை’ என்று நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம் இங்கே எடுபடாது. நல்ல பயிற்சி, கைப்பழக்கம் தரும் பயிற்சி, மிக அவசியமான விஷயத்தைப் பற்றிய பயிற்சி.

ஏழு மாதம் கழித்துக் கண்டவை

பயிற்சிக்கு முன்பும், பயிற்சி முடிந்து ஏழு மாதம் கழித்தும், ஊழியர்களைப் பொம்மையை வைத்துச் செய்து காட்டச் சொல்லி மதிப்பிட்டார்கள். நலமாகப் பிறந்த குழந்தைக்கான வழக்கமான பராமரிப்பில் தேறியவர்கள் 41 சதவீதத்திலிருந்து 74 சதவீதமாகக் கூடியிருந்தார்கள். மூச்சு விடாத குழந்தைக்கு உயிர்ப்பூட்டும் தேர்வில் 18 சதவீதம் 74 சதவீதமாக உயர்ந்திருந்தது. ஒரு நாள் வகுப்புக்கு ஏழு மாதம் கழித்தும் இப்படி ஒரு தேர்ச்சி என்றால் எந்தப் பயிற்சியாளரும் மகிழ்ந்துபோவார். நானாக இருந்தால் அந்த எண்களை எழுதி அறிக்கையை அனுப்பிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பியிருப்பேன்.

ஆனால் பிரசவ அறைப் பதிவுகள் வேறு கதை சொன்னன. சக்‌ஷன் போடப்பட்ட குழந்தைகளின் அளவும், பையால் மூச்சு கொடுக்கப்பட்டவர்களின் அளவும் மாறவில்லை. முதுகைத் தேய்த்துத் தூண்டுவது, பயிற்சியில் திரும்பத் திரும்ப வலியுறுத்திய அந்த எளிய செயல், முன்பைவிடக் குறைந்தே போயிருந்தது.

பொம்மையிடம் சரியாகச் செய்த அதே கைகள் குழந்தையிடம் அதைச் செய்யவில்லை. 2013இல் வெளியான அந்த ஆய்வு, ஒரு நாள் பயிற்சி பொம்மை முன்னால் திறனைக் கூட்டியது, குழந்தைகளைக் கையாண்ட விதத்தை மாற்றவில்லை என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டது. அதைப் படித்தபோது எனக்கு வருத்தத்தோடு நிம்மதியும் வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது என் கற்பனை இல்லை என்று தெரிந்ததே.

அமெரிக்கரான டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இலேயே பயிற்சியின் பலனை நான்கு படிகளாகப் பிரித்துச் சொன்னார். வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் அதைச் செய்கிறார்களா, அதனால் விளைவு மாறியதா என்பவை அந்தப் படிகள். பயிற்சித் துறையில் இது எல்லாருக்கும் மனப்பாடம். இருந்தும் முதல் இரண்டு படிகளோடு நாம் நின்றுவிடுகிறோம், ஏனென்றால் அவற்றை வகுப்பறைக்குள்ளேயே அளந்துவிடலாம். மூன்றாவதை அளக்க வேண்டுமென்றால் யாராவது போய் இரவு இரண்டு மணிக்குப் பிரசவ அறையில் நிற்க வேண்டும். ஹைடோமில் நின்றார்கள். அதனால்தான் இரண்டாம் படி ஏறியும் மூன்றாம் படி அசையவில்லை என்பது தெரிய வந்தது.

ஏன் இப்படி ஆனது

இந்தப் பகுதி பெரும்பாலும் என் வாசிப்பு.

முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,900 பிரசவம், அதில் 7 சதவீதம் என்றால் பை தேவைப்படும் குழந்தைகள் சுமார் 350. மருத்துவமனைக்கு அது நாளுக்கு ஒரு குழந்தை. ஆனால் பிரசவம் பார்ப்பவர்கள் 40 பேர் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் கைக்கு வருவது வருடத்துக்கு எட்டு, ஒன்பது. சில மாதங்களில் ஒருவருக்கு ஒன்றுகூட வராது. அடிக்கடி வராத, வந்தால் ஒரு நிமிடம்கூட அவகாசம் தராத வேலை இது. நினைவாற்றலை ஆராய்ந்த ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இல் தன்னையே சோதித்துப் பார்த்துச் சொன்னது போல, திரும்பத் தொடாதது முதல் சில நாட்களிலேயே வேகமாக மறந்துபோகும். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பத் தொட்டால்தான் நிற்கும். ஊசி போடுவது யாருக்கும் மறப்பதில்லை, ஏனென்றால் தினமும் போடுகிறோம். உயிர்ப்பூட்டுவது அப்படியில்லை.

அடுத்தது பயம். ஹைடோம் செவிலியர்களிடமே பின்னர் எடுத்த நேர்காணல்களில் இது வெளிப்படையாக வந்தது. நீலம் பாய்ந்து துவண்டு கிடக்கும் குழந்தையைக் கையில் வாங்கும்போது வரும் படபடப்பு மூச்சு கொடுப்பதைத் தடுமாற வைக்கிறது என்றார்கள். இதைக் கேட்டு ஆச்சரியப்பட யாரும் இல்லை என்று நினைக்கிறேன். வகுப்பில் பொம்மை அழவில்லையென்றால் சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நிஜத்தில் அம்மா தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். அந்த நொடியில் கை புதிதாகக் கற்றதைத் தேடாது, பல வருடம் பழகியதைத்தான் செய்யும். பழகியது சக்‌ஷன் என்றால் சக்‌ஷன் குழாயைத்தான் எடுக்கும்.

மூன்றாவது, சுற்றியிருப்பவர்கள். பயிற்சிக்குப் போய் வந்தவர் புதிய முறையைச் செய்யும்போது, பக்கத்தில் இருக்கும் மூத்தவர் ‘முதல்ல சக்‌ஷன் போடும்மா’ என்றால் அவர் என்ன செய்வார்? இதை நான் நம்மூரில் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் ஒரு கணம் தயங்கினார், அப்புறம் குழாயை எடுத்தார். அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்த அறையில் அதைச் செய்ய இடம் இல்லை. பயிற்சியில் கற்றது வேலைக்குப் போய்ச் சேர்வது பற்றி 1988இல் பால்ட்வின், ஃபோர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. கற்பவர், பயிற்சியின் வடிவம், வேலை செய்யும் இடம் என்று மூன்றையும் அவர்கள் அதில் வைத்தார்கள். நாம் முதல் இரண்டுக்குச் செலவழிக்கும் காசிலும் கவனத்திலும் பத்தில் ஒரு பங்கைக்கூட மூன்றாவதற்குக் கொடுப்பதில்லை என்பது என் அனுபவம்.

எடுத்த முடிவு

ஹைடோமில் இருந்தவர்கள் இன்னும் பெரிய பயிற்சி ஒன்றை நடத்தியிருக்கலாம். இரண்டு நாளாக்கியிருக்கலாம், வெளியூர் நிபுணர்களை அழைத்திருக்கலாம். நம்மூரில் ஒரு பயிற்சி பலிக்கவில்லை என்று தெரிந்தால் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும், ‘ரெஃப்ரெஷர்’ என்று பெயர் வைத்து அதே வகுப்பு மறுபடி வரும். அவர்கள் அதைச் செய்யவில்லை.

2011 பிப்ரவரியிலிருந்து பயிற்சியைப் பிரசவ அறைக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். வாரம் ஒருமுறை, மூன்று முதல் ஐந்து நிமிடம் மட்டும், பொம்மையை வைத்துப் பழக வேண்டும். மாதம் ஒருமுறை 40 நிமிடம் கொஞ்சம் விரிவான மறுபயிற்சி. நடத்துபவர்கள் வெளியாட்கள் இல்லை, அங்கேயே வேலை செய்யும், இதில் ஆர்வம் காட்டிய செவிலியர்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தெரிகிறது.

ஐந்து நிமிடம் என்பதால் டியூட்டியை விட்டுப் போக வேண்டியதில்லை, மாற்று ஆள் தேட வேண்டியதில்லை. ஷிஃப்ட் மாறும்போதோ, பிரசவங்களுக்கு நடுவில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்போதோ செய்துவிடலாம். இரவு ஷிஃப்ட்காரர்களையும் இது எட்டும். வகுப்பு என்றால் எப்போதும் பகல் ஷிஃப்ட்காரர்கள்தான் போவார்கள்.

அதே அறை, அதே மேசை, அதே பை என்பதால் கை பழகுவது வேலை நடக்கும் இடத்திலேயே. பை எந்த இழுப்பறையில் இருக்கிறது, மாஸ்க்கில் எது சின்னது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் சேர்த்தே பழகும். பை கிழிந்திருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். நிஜக் குழந்தை வரும்போது தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

சொந்தச் செவிலியரே நடத்துவதால் முன்பு சொன்ன அந்த ‘முதல்ல சக்‌ஷன் போடும்மா’ சிக்கலுக்கு ஒரு வழி பிறக்கிறது. மூத்தவரும் இளையவரும் ஒரே பொம்மை முன்னால் நிற்கிறார்கள். எது சரி என்பது அந்த அறையின் பொது வழக்கமாக மாற வாய்ப்பு இருக்கிறது. என்னைக் கேட்டால், ஐந்து நிமிடத்தைவிட இதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர்.

நேரக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். வாரம் மூன்று நிமிடம் என்றால் வருடத்துக்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல், ஐந்து நிமிடம் என்றால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். மாதாந்திர 40 நிமிடம் வருடத்துக்கு எட்டு மணி நேரம். மொத்தம் ஒருவருக்கு 11 முதல் 12 மணி நேரம். இரண்டு நாள் வகுப்பு ஒன்றுக்கு ஆகும் நேரம்தான். நம் நாட்டில் பிறந்த குழந்தைகளின் பராமரிப்புக்காக 2009இல் தொடங்கிய நவஜாத் சிசு சுரக்‌ஷா திட்டத்தின் பயிற்சியும் இரண்டு நாள்தான். செலவாகும் நேரம் ஏறக்குறைய ஒன்றே, அதை எப்படிப் பரப்புகிறோம் என்பதில்தான் வேறுபாடு. இந்தக் கணக்கை முதலில் போட்டபோது நம்பாமல் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

அடுத்த ஓராண்டு

2010 பிப்ரவரி முதல் 2011 ஜனவரி வரையிலான ஓராண்டையும், அடுத்த 2011 பிப்ரவரி முதல் 2012 ஜனவரி வரையிலான ஓராண்டையும் ஒப்பிட்டார்கள். முதல் ஆண்டில் 4,894 பிரசவங்கள், அடுத்த ஆண்டில் 4,814. ஒரு நாள் பயிற்சி முதல் ஆண்டுக்குள்ளேயே நடந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே ஒப்பிடப்படுவது பயிற்சி இல்லாத காலமும் இருந்த காலமும் இல்லை. வகுப்போடு விட்ட காலமும், வகுப்புக்குப் பின் வாராவாரம் தொடர்ந்த காலமும் ஒப்பிடப்படுகின்றன.

தூண்டப்பட்ட குழந்தைகள் 14.5 சதவீதத்திலிருந்து 16.3 சதவீதமானார்கள். சக்‌ஷன் போடப்பட்டவர்கள் 13.0 சதவீதத்திலிருந்து 15.8 சதவீதமானார்கள். பையால் மூச்சு கொடுக்கப்பட்டவர்கள் 7.3 சதவீதத்திலிருந்து 5.9 சதவீதமாகக் குறைந்தார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் நடந்த இறப்பு ஆயிரத்துக்கு 11.1 என்பதிலிருந்து 7.2 ஆனது.

கடைசி எண்ணைக் குழந்தைகளாக எண்ணிப் பார்த்தால், அந்த ஓராண்டில் ஏறக்குறைய 19 குழந்தைகள் கூடுதலாக முதல் நாளைத் தாண்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பில் பாதி அது. இந்தக் கணக்கை எழுதும்போது எனக்குக் கண் நிறைந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

பை பயன்பாடு குறைந்தது முதலில் என்னைக் குழப்பியது. பயிற்சி கூடினால் பையை அதிகம் எடுப்பார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? ஆனால் முதல் சில நொடிகளிலேயே துடைத்து, தேய்த்துத் தூண்டிவிட்டால் பல குழந்தைகள் பை தேவைப்படும் நிலைக்கே போக மாட்டார்கள். தூண்டல் கூடியதும் பை குறைந்ததும் சேர்ந்து நடந்ததை அப்படிப் புரிந்துகொள்ளலாம்.

எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்

இது முன், பின் ஒப்பீடு. பக்கத்தில் இன்னொரு மருத்துவமனையை ஒப்பீட்டுக்கு வைக்கவில்லை. அந்த ஓராண்டில் வேறு ஏதாவது மாறியிருந்தால் அதன் பங்கும் இந்த எண்களுக்குள் இருக்கும். இறப்புக் குறைவு தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறைவு என்று புள்ளியியல் சொன்னாலும், நூலிழையில்தான் சொன்னது. வாராந்திர ஐந்து நிமிடம், மாதாந்திர 40 நிமிடம், உள்ளூர்த் தலைமை ஆகிய மூன்றில் எது எவ்வளவு வேலை செய்தது என்று இந்த ஒரு நிகழ்விலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. கடிகாரத்தோடு ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் ஒழுங்காகச் செய்தார்கள் என்று சிலர் கேட்கலாம். இரண்டு ஆண்டுகளிலும் பார்வையாளர்கள் இருந்தார்கள் என்பதால் அந்தச் சந்தேகம் ஓரளவு தீர்கிறது.

சக்‌ஷன் கூடியதும் எனக்கு உறுத்துகிறது. தேவையில்லாத சக்‌ஷன் மூச்சு கொடுப்பதைத் தாமதப்படுத்தும். பின்னாளில் இதயத்துடிப்பையும் மூச்சையும் பதிவு செய்யும் கருவிகளை வைத்துப் பார்த்தபோது, மூச்சு கொடுப்பதை நடுவில் நிறுத்தி மறுபடி சக்‌ஷன் போடுவதும் தேய்ப்பதும் நடப்பது தெரிந்தது. ஆகவே ஐந்து நிமிடப் பயிற்சி எல்லாப் பழைய பழக்கத்தையும் மாற்றிவிடவில்லை.

பிறகு நடந்தவை

இதே பாடத்திட்டத்தைக் கர்நாடகத்தின் பெல்காமிலும், நாக்பூரிலும், கென்யாவிலும் நடத்திப் பார்த்த ஆய்வு, தகவல் அறிவு நிலைப்பதைவிடக் கைத்திறன் வேகமாகக் குறைகிறது என்று காட்டியது. நம் பக்கத்து மாநிலம் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். எழுத்துத் தேர்வை மட்டும் நம்பியிருந்தால் அந்தச் சரிவு கண்ணில் பட்டிருக்காது.

காத்மாண்டுவில் உள்ள பரோபகார் மகப்பேறு மருத்துவமனையில் இதே பயிற்சியோடு தினசரிப் பை, மாஸ்க் பழக்கம், ஒவ்வொரு பிரசவத்துக்குப் பின்னும் தானே நிரப்பும் சரிபார்ப்புப் பட்டியல், வாராந்திரக் கூட்டம், சுவரில் முன்னேற்றப் பலகை எல்லாம் சேர்த்தார்கள். முதல் நாள் இறப்பு ஆயிரத்துக்கு 5.2 என்பதிலிருந்து 1.9 ஆனது என்று 2016இல் பதிவு செய்தார்கள். அதே ஆண்டு வெளியான ஹெல்பிங் பேபீஸ் பிரீத் இரண்டாம் பதிப்பு, வகுப்புக்குப் பிறகு வேலையிடத்தில் தொடர்ந்து பழகுவதைப் பாடத்தின் பகுதியாகவே ஆக்கியது.

ஹைடோமில் முளைத்தது பின்னர் தான்சானியாவின் ஐந்து மாகாணங்களில் 30 மருத்துவ நிலையங்களுக்குப் பரவியது. ஒவ்வொரு இடத்திலும் உள்ளூர்ப் பொறுப்பாளர்கள், அடிக்கடி நடக்கும் சிறு பயிற்சிகள், சொந்தப் பதிவுகளைத் தாங்களே பார்த்துப் பேசுவது, மேம்பட்ட கருவிகள் என்று ஒரு தொகுப்பாகச் செய்தார்கள். 2025இல் வெளியான முடிவுகளில், பிரசவத்தை ஒட்டிய குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 15.3 என்பதிலிருந்து 12.5 ஆகக் குறைந்திருந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஹைடோமில் ஏப்ரல் வகுப்புக்கும் பிப்ரவரியில் வாராந்திரப் பயிற்சி தொடங்கியதற்கும் நடுவில் பத்து மாதம் போயிற்று. அன்றைக்கு அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. இன்றைக்குத் தெரிந்துகொண்டும் நாம் அந்த இடைவெளியை விட்டால் தப்பு நம்முடையது. வகுப்பு முடியும் மாலையே பொம்மை பிரசவ அறை மேசைக்குப் போய்விட வேண்டும். பொம்மை வீணாகிவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை ஹெட் நர்ஸ் வீட்டுக்கு எடுத்துப்போகும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டாக் ரிஜிஸ்டருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பொம்மை தேய்ந்தால் தேயட்டும், அது தேய்மானக் கணக்கில் போகும் என்று மேலே இருப்பவர் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

பொறுப்பாளர் ஒருவர் போதாது என்றும் நினைக்கிறேன். நம்மூரில் பணியிட மாற்றம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆர்வமான ஒருவர் போனதும் எல்லாம் நின்றுவிடும். ஷிஃப்ட்டுக்கு ஒருவர் வேண்டும், அதில் ஒருவராவது மூத்தவராக இருக்க வேண்டும். அந்த மூத்தவரை முதல் வகுப்புக்கே அழைத்துவிடுவது நல்லது.

அளப்பதைப் பொறுத்தவரை, ஹைடோம் போல இரவும் பகலும் ஆள் நிறுத்த நம்மால் முடியாது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தை, குழந்தை பிறந்து முதல் மூச்சு கொடுக்க எத்தனை நொடி ஆனது என்பதை, பிரசவ ரிஜிஸ்டரில் ஒரு கட்டமாகச் சேர்க்கலாம். தண்டனைக்காகக் கேட்கிறோம் என்று தோன்றினால் எல்லாக் கட்டத்திலும் ‘60’ என்றே எழுதுவார்கள். அந்த எண்ணைச் செவிலியர்களே மாதம் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால்தான் அது உண்மையாக இருக்கும்.

என் வேலையில் ஒன்றை மாற்றிவிட்டேன். வகுப்பு எடுக்க யாராவது அழைத்தால், தேதி பேசுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்கிறேன். வகுப்பு முடிந்ததும் பொம்மை எந்த மேசையில் இருக்கும்? இரவு ஷிஃப்ட்டில் அதை யார் நடத்துவார்? ஒரு மாதம் கழித்து நான் வந்தால் எந்த ரிஜிஸ்டரைக் காட்டுவீர்கள்? பதில் இல்லாத இடங்களில் வகுப்பைத் தள்ளிப்போட்டு, முதலில் அந்த மூத்த செவிலியரோடு உட்கார்ந்து டீ குடித்துப் பேசுகிறேன்.